இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே சாலையோரத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். கேஜ் வீல் (சேற்று வயலுக்கு டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரம்), ரோட்டவேட்டர், டிரெய்லர் தொட்டி, வீட்டு கேட்டு, தகர ஷெட்டு என்று எல்லா வேலையும் வரும். சில வருடங்களாக இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. நாலைந்து கிலோ எடையில், தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி, சீனாவில் செய்து இங்கே பெயர் ஒட்டி விற்கும் இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின். கொண்டு வருகிறவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "வாங்கி ஆறு மாசம்கூட ஆகலண்ணே, மக்கர் பண்ணுது."

அப்படி வந்தவற்றில் பாதிக்கு மேல் மிஷினில் கோளாறே இருந்ததில்லை. எர்த் கிளாம்ப் (வேலை செய்யும் இரும்பில் மாட்டும் கவ்வி), ராடு (உருகி ஒட்டும் வெல்டிங் குச்சி), வீட்டு வயரிங், ஊர் வோல்டேஜ், இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். ஆனால் அது தெரியாமல் அடித்து அடித்துப் பார்த்து, கடைசியில் நல்ல மிஷினையும் எரித்துவிட்டு வருகிறார்கள். அதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் நீங்களே பார்க்கக்கூடியவற்றை, காசு செலவில்லாததில் தொடங்கி வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த மாதிரி மிஷினை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் முதலிலேயே பதில். சொந்த டிராக்டர் வைத்திருப்பவர், வீட்டுக்கு ஒரு கேட்டு, மாட்டுக்கொட்டகைக்கு நாலு கம்பம் என்று அவ்வப்போது ராடு பிடிப்பவர், ஒரு நாளைக்கு இருபது ராடுக்கு மேல் போகாதவர்: தாராளமாக வாங்கலாம். காலை முதல் சாயங்காலம் வரை ராடு எரித்துப் பிழைக்கும் பட்டறைக்கு இது ஒற்றை மிஷினாக இருக்கக் கூடாது. கம்பெனி மிஷினோ பழைய தாமிரச் சுருள் டிரான்ஸ்ஃபார்மர் மிஷினோ ஒன்று நிலையாக இருந்து, வெளிவேலைக்கு இதை எடுத்துப் போவதென்றால் சரி.

## தொடுவதற்கு முன்

ஒரு மல்டிமீட்டர், ஒரு சீரீஸ் லாம்ப் (மின்சாரம் ஒரு பல்பு வழியாகப் போகும்படி வயர் கட்டியது), கம்பி பிரஷ், ஸ்பேனர் போதும். மூடியைக் கழற்றாமல் செய்யக்கூடியதை மட்டும்தான் கீழே சொல்லியிருக்கிறேன். 230 வோல்ட் உள்ளே போய் நேர் மின்சாரமாக மாறும்போது கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கும். மூடி திறக்க வேண்டிய நிலை வந்தால் அங்கே நிறுத்திக்கொண்டு போர்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

## சுவிட்ச் போட்டால் ஒன்றுமே இல்லை

முதலில் சாக்கெட். அதே சாக்கெட்டில் கிரைண்டரை மாட்டி ஓட்டிப் பாருங்கள். கிரைண்டரும் ஓடவில்லை என்றால் மிஷினை விட்டுவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கிரைண்டர் ஓடுகிறதா? அடுத்தது பிளக் டாப். பிளக் கையோடு வரும் இரண்டு அங்குல இடத்தில்தான் வயர் உள்ளே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. பிளக்கைத் திறந்து திருகாணிகளை இறுக்குங்கள். கருகிய வாடை வந்தாலோ, பித்தளைப் பின் நீலமாகியிருந்தாலோ பிளக்கை மாற்றிவிடுங்கள்.

பிறகு மிஷின் பின்பக்க சுவிட்ச். விலை குறைந்த மிஷினில் முதலில் போவது இந்த சுவிட்ச்தான். போடும்போது 'டக்' என்று அழுத்தமாக விழாமல் தொளதொளவென்று இருந்தால் உள்ளே உருகியிருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக் மாற்றிக்கொடுப்பார், சின்னச் செலவு. அதைத் தாண்டியும் உயிர் வராவிட்டால் போர்டில் கோளாறு.

## சுவிட்ச் போட்டதும் டிரிப்பர் விழுகிறது

### போட்ட அந்த நொடியிலேயே விழுந்தால்

மிஷின் உயிர்பெறும்போது கெப்பாசிட்டர் ஒரே இழுப்பாக இழுக்கும். வீட்டு டிரிப்பர் (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் எம்.சி.பி.) பி வகையாக இருந்தால் இந்த இழுப்புக்கே விழலாம். சி வகை தாங்கும். டிரிப்பர் மேலேயே பி16, சி32 என்று எழுதியிருக்கும், பாருங்கள்.

சி வகையிலும் விழுகிறதா? சீரீஸ் லாம்ப் எடுங்கள். 100 வாட் குண்டு பல்பு வழியாக மிஷினுக்கு மின்சாரம் கொடுத்து சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினாலோ, விட்டுவிட்டு மினுக்கினாலோ உள்ளே ஷார்ட் இல்லை. பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் பிரிட்ஜ் ரெக்டிஃபையரோ (மாற்று மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் பாகம்) ஐ.ஜி.பி.டி.யோ (அதை வேகமாக வெட்டிக் கொடுக்கும் பவர் டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆகிவிட்டது. மெக்கானிக் வேலை. இன்னொரு தடவை நேராக மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டாம். பிழைத்திருக்கும் பாகமும் அந்தத் தடவையில் போய்விடும்.

### சிறிது நேரம் ஓடிவிட்டு விழுந்தால்

இது கோளாறே இல்லை, கணக்கு. 10 நம்பர் ராடை (3.15 மில்லிமீட்டர்; நம்பர் குறையக் குறைய ராடு தடிக்கும்) 120 ஆம்பியரில் பிடித்தால் ராடு முனையில் ஏறக்குறைய 3 கிலோவாட் வேலை நடக்கிறது. உள்ளே வீணாவதையும், மிஷின் கரண்டைச் சீராக இல்லாமல் விட்டுவிட்டு இழுப்பதையும் சேர்த்தால் சுவரிலிருந்து இழுப்பது 20 ஆம்பியருக்கு மேல். 16 ஆம்பியர் டிரிப்பர் சில நிமிடம் பொறுத்துவிட்டு விழத்தான் செய்யும். வெல்டிங்குக்கென்று மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் இழுத்து, 32 ஆம்பியர் சி வகை டிரிப்பரும் அதற்கேற்ற தொழிற்சாலை வகை பிளக் சாக்கெட்டும் போடச் சொல்லுங்கள். வயரை மாற்றாமல் டிரிப்பரை மட்டும் பெரிதாக்காதீர்கள். சுவருக்குள் இருக்கும் மெல்லிய வயர் புகைந்தாலும் டிரிப்பர் விழாது.

### டிரிப்பர் நிற்கிறது, ஆர்.சி.சி.பி. மட்டும் விழுந்தால்

ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் புகார்தான் அதிகம். ஈரம். காற்றோட்டமான வெயிலில் ஒரு நாள் வைத்துவிட்டு மறுபடி போடுங்கள். சரியானால் நல்லது. காய்ந்த பிறகும் விழுந்தால் கசிவு எங்கே என்று மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி வயர் கொடுத்து ஓட்டாதீர்கள். உங்கள் உயிருக்குக் காவலாக நிற்பது அது ஒன்றுதான்.

## விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆர்க் வரவில்லை

எர்த் கிளாம்ப். ராடு முனையில் ஆர்க், அதாவது மின்பொறி, வராததற்குப் பத்துக்கு எட்டு முறை இதுதான் காரணம். பெயின்ட் மேல், துரு மேல், காய்ந்த சேற்றின் மேல் மாட்டியிருப்பார்கள். நம் வயல் களிமண் காய்ந்து இரும்பில் பிடித்துக்கொண்டால் ஓடு மாதிரி நிற்கும், கரண்ட் போகாது. கிளாம்ப் மாட்டும் இடத்தைக் கிரைண்டரால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேயுங்கள்.

இந்த மிஷின்களோடு வரும் எர்த் கிளாம்ப் தகரத்தில் செய்தது. ஸ்பிரிங் தளர்ந்து, இரண்டு பல்லில் ஒன்றுதான் தொடும். மிஷின் வாங்கிய அன்றே அதைக் கழற்றி வைத்துவிட்டு நல்ல கனமான கிளாம்ப் ஒன்று வாங்கி மாட்டுங்கள். குறைந்த செலவில் மிஷினின் ஆயுசைக் கூட்ட இதைவிட வேறு வழி இல்லை.

கிளாம்ப் சரி என்றால் முன்பக்கக் கனெக்டர். உள்ளே தள்ளி வலதுபக்கம் திருகினால் இறுகி நிற்க வேண்டும். சும்மா செருகிவிட்டு வெல்டிங் ஆரம்பிப்பவர்கள் நிறைய. பிறகு கேபிள் லக் (கேபிள் முனையில் அழுத்திய உலோகக் காது), ராடு பிடிக்கும் ஹோல்டரின் உள் திருகாணி.

எல்லாம் பார்த்தாயிற்றா? மல்டிமீட்டரை நேர் மின்சாரம் 200 வோல்ட்டில் வைத்து, முன்பக்க இரண்டு சாக்கெட்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 55 முதல் 80 வோல்ட் வரை காட்டினால் மிஷின் நன்றாக இருக்கிறது, கோளாறு கேபிளில். 10, 20 வோல்ட்தான் காட்டுகிறதென்றால் உங்கள் மிஷினில் வி.ஆர்.டி. என்ற பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது வோல்ட்டைத் தாழ்த்தி வைப்பது அதன் வேலை. அது இல்லாத மிஷினில் பூச்சியமோ மிகக் குறைவோ காட்டினால் போர்டு மெக்கானிக்.

கிளாம்பைப் பற்றிச் சொல்லும்போதே ஒன்று. டிராக்டரிலோ கதிர் அறுக்கும் மிஷினிலோ வேலை என்றால் பேட்டரி டெர்மினலைக் கழற்றாமல் ராடை எடுக்காதீர்கள். கிளாம்பும் வெல்டிங் வைக்கும் அதே பாகத்தில், பக்கத்திலேயே இருக்க வேண்டும். எஞ்சின் பக்கம் கிளாம்பை மாட்டிவிட்டு கேஜ் வீலில் ராடு பிடித்தால் கரண்ட் பேரிங் வழியாகத்தான் திரும்பும். குண்டுகளில் புள்ளி விழும். அடுத்த போகத்தில் சத்தம் வந்து பேரிங்கை மாற்றும்போது, காரணம் இந்த வெல்டிங் என்று யாருக்கும் தோன்றாது.

## ராடு ஒட்டிக்கொள்கிறது

டெல்டாவில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். இதை அவசரப்படாமல் பார்க்க வேண்டும்.

### காலையில் நன்றாக இருந்து, பிறகு ஒட்டினால்

லைனில் வோல்டேஜ் இறங்குகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் என்ற வழக்கத்தை வைத்துத்தான் இங்கே குறுவைக்கு நாற்று விடுவது. ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேரும் வரையிலும், முறை வைத்து நிறுத்தும் நாட்களிலும் ஃபில்டர் பாயின்ட் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசியில் இருக்கும் வீட்டில் அப்போது அளந்தால் 180 வோல்ட்டுக்கும் கீழே பார்த்திருக்கிறேன். இந்த மிஷின்களின் தகட்டில் பெரும்பாலும் 230 வோல்ட், கூடக் குறைய 15 சதவீதம் என்றுதான் இருக்கும். அதாவது 195க்குக் கீழே அது பொறுப்பேற்காது.

சோதனை எளிது. சாக்கெட்டில் மல்டிமீட்டரை மாட்டி ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ராடு பிடியுங்கள். பிடிக்காதபோது எவ்வளவு, ஆர்க் ஓடும்போது எவ்வளவு, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சும்மா இருக்கும்போதே 190க்குக் கீழே என்றால் அது மின்வாரிய லைன். உங்களால் முடிந்தது நேரத்தை மாற்றுவது. மோட்டார்கள் நின்ற பிறகு செய்யுங்கள், அல்லது 12 நம்பர் ராடுக்கு மாறி 70, 75 ஆம்பியரில் மெதுவாக ஓட்டுங்கள். ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் போடும் ஸ்டெபிலைசரை இதற்கு மாட்டாதீர்கள். இந்த இழுப்பு அதற்குத் தாங்காது. தினமும் இதே நிலை என்றால் தெருவே சேர்ந்து மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டியதுதான்.

சும்மா இருக்கும்போது 225, ஆர்க் ஓடும்போது 190 என்று விழுந்தால் கோளாறு உங்கள் வயரில். எக்ஸ்டென்ஷன் பெட்டிதான் முதல் குற்றவாளி. 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் என்றால் கரண்ட் போக 30, வர 30. அதில் 1 சதுர மில்லிமீட்டர் வயர் இருந்தால் 20 ஆம்பியருக்கு 23 வோல்ட் அதிலேயே போய்விடும். 2.5 போட்டால் இழப்பு 10 வோல்ட்டுக்குள். வயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டாமல் முழுவதும் விரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு வெளியேறாமல் வயரின் தோல் உருகும்.

மூன்று ஃபேஸ் பலமாக இருக்கிறதே என்று பம்புசெட் கொட்டகையிலிருந்து மின்சாரம் எடுப்பதும் உண்டு. விவசாய இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் வருகிறது; மதிப்பீடு போட்டுப் பணம் கட்டச் சொல்வார்கள். இலவச இணைப்பைப் பணயம் வைத்துச் செய்கிற அளவுக்கு எந்த வெல்டிங்கும் பெரிதில்லை.

### எந்த நேரமும் ஒட்டினால்

ஆம்பியர் போதவில்லை. 12 நம்பருக்கு 60 முதல் 90, 10 நம்பருக்கு 90 முதல் 130, 8 நம்பருக்கு 140 முதல் 180 வைக்கலாம். ஆனால் மலிவு மிஷினின் டிஸ்ப்ளே காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. 110 என்று காட்டி 90 கொடுக்கும் மிஷினும் உண்டு. ஓசையை நம்புங்கள். எண்ணெயில் வடை பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வர வேண்டும். விட்டுவிட்டுத் தடுமாறினால் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள்.

மாட்டிய துருவத்தையும் பாருங்கள். ராடு பாக்கெட்டில் 6013, 7018 என்று வகை எண் போட்டிருக்கும். 6013 ராடு இரு பக்கமும் ஓடும். மெல்லிய தகடு என்றால் ஹோல்டரைக் கழித்தல் பக்கம் மாட்டுங்கள், ஓட்டை விழாது. 7018 ராடுக்கு ஹோல்டர் கூட்டல் பக்கம் இருக்க வேண்டும்.

எர்த் கிளாம்பை இங்கேயும் ஒரு முறை பாருங்கள். தொட்டும் தொடாமலும் இருந்தாலும் ஒட்டும்.

### ஒரு பாக்கெட் ஒட்டி, இன்னொரு பாக்கெட் ஒட்டாவிட்டால்

ராடு ஈரம். இரண்டு ராடை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். பூச்சு மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ, பிடிக்கும் முனையில் துரு வந்திருந்தாலோ சந்தேகமே வேண்டாம். 6013 என்றால் 100 முதல் 120 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் மீண்டுவிடும். 7018க்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும். வெயிலில் வைப்பதெல்லாம் அதற்குப் போதாது. ராடை இரும்போடு ஒட்டவைத்துச் சிவக்கவிட்டுக் காயவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பூச்சு வெடித்துவிடும், மிஷினும் ஷார்ட்டில் நிற்கும்.

எங்கள் பட்டறையில் இரண்டு பக்கமும் மூடி போட்ட பி.வி.சி. குழாயில் வைத்துக்கொள்கிறோம். மழைக்காலத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு அதில் வைப்போம். அது ஈர ராடைக் காயவைக்காது, காய்ந்ததை ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளும். ராடு வாங்கும்போது அதற்கான ஐ.எஸ். 814 தர எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மிஷினில் மிச்சம் பிடித்தாலும் ராடில் பிடிக்காதீர்கள்.

## மஞ்சள் விளக்கு எரிந்து வேலை நின்றுவிடுகிறது

மிஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. சுவிட்சை அணைக்காதீர்கள். ஃபேன் ஓடட்டும். பத்து நிமிடத்தில் விளக்கு தானாக அணைய வேண்டும்.

தகட்டில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வெல்டிங், நாலு நிமிடம் ஓய்வு என்று பொருள். அந்தக் கணக்கும் 40 டிகிரி சூட்டுக்குப் போட்டது. சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து கேட்டு அடித்தால் அதற்கு முன்பே விளக்கு வரும். மிஷினை நிழலில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

முன்பு வராத விளக்கு இப்போது அடிக்கடி வருகிறதென்றால் தூசு. அறுப்புக் காலத்தில் களத்துப் பக்கம் வைத்து ஓட்டிய மிஷினைத் தட்டினால் பதரும் உமித்தூளும் கொட்டும். அதைவிட மோசம் கிரைண்டர் பொடி. அது இரும்பு, போர்டில் படிந்தால் கரண்ட் கடத்தும். கிரைண்டர் அடிக்கும் திசையில் மிஷினை வைக்கவே கூடாது. மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, சிறிது நேரம் விட்டு, பின்பக்கத் துளை வழியாக ப்ளோயரால் ஒரு அடி தள்ளி நின்று ஊதுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கண்டபடி சுற்றினால் பேரிங் போகும்.

ஃபேன் சுற்றவில்லையா, கரகரவென்று சத்தமா? அதோடு வேலை செய்யாதீர்கள். ஃபேன் மாற்றுவது சின்ன வேலை. போர்டு அப்படியில்லை.

மிஷின் ஆறிக் கிடக்கும்போது, சுவிட்ச் போட்டவுடனேயே விளக்கு வந்தால்? லைன் வோல்டேஜை அளந்து பாருங்கள். மிகக் குறைவாகவோ அதிகமாகவோ இருந்தாலும் சில மிஷின்கள் இதே விளக்கைக் காட்டும். வோல்டேஜ் சரியாக இருந்தும் வந்தால் போர்டு மெக்கானிக்.

வேதாரண்யம், கோடியக்கரை பக்கத்திலிருந்து வரும் மிஷின்களில் வேறு ஒன்று பார்க்கிறேன். உப்புக்காற்றில் தாமிரமெல்லாம் பச்சை பூத்திருக்கும். அந்தப் பக்கத்துக்காரர்கள் போர்டு மேல் வார்னிஷ் பூசிய மிஷினாகக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் மூடி போட்ட பெட்டிக்குள் வையுங்கள். பல்லி, கரப்பான் புகுந்து போர்டில் ஷார்ட் ஆவதும் அதோடு நிற்கும்.

## கனெக்டரும் ஹோல்டரும் கை வைக்க முடியாமல் சுடுகிறது

இறுக்கம் இல்லாத இடம் சுடும். முதலில் எல்லா இணைப்பையும் இறுக்குங்கள். இறுக்கிய பிறகும் கேபிள் முழுநீளமும் சுட்டால் கேபிளே போதவில்லை. மிஷினோடு வரும் கேபிளின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் தாமிரம் பூசிய அலுமினியம். 12 நம்பர் ராடுக்கு ஓட்டிக்கொள்ளலாம். 10 நம்பருக்கு 16 சதுர மில்லிமீட்டர், 8 நம்பருக்கு 25 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் வாங்குங்கள். மிஷின் செத்தாலும் கேபிள் அடுத்த மிஷினுக்கு ஆகும்.

## ஷாக் அடிக்கிறது

இதற்கு மட்டும் "பரவாயில்லை, கொஞ்சம்தான்" என்ற பேச்சே கூடாது.

### மிஷின் பெட்டியைத் தொட்டால் விறுவிறுத்தால்

நிறுத்துங்கள். சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 காட்டினால், ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் வீட்டில் எர்த் இல்லை. பழைய ஓட்டு வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் குழி போடும் வரை மிஷினைத் தொடாதீர்கள். எர்த் சரியாக இருந்தும் ஷாக் வந்தால் மிஷினுக்குள் கசிவு, அதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

### ராடு மாற்றும்போது அடித்தால்

ஆர்க் ஓடாதபோது ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கிறது. உலர்ந்த கைக்கு அது தெரியாது. வியர்வையில் நனைந்த கையுறை, சேற்றில் வெறுங்கால் என்றால் உயிரை எடுக்கும். நடவு நேரத்தில் கேஜ் வீல் வயலுக்குள்ளேயே உடைந்து, "இங்கேயே ஒரு பொட்டு வெச்சுடு தம்பி" என்பார்கள். செய்யாதீர்கள். டிராக்டரை எப்படியாவது வரப்பு தாண்டிச் சாலைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். வர முடியாதென்றால் சக்கரத்தைக் கழற்றிக் கொண்டு வரட்டும். அவசரம் அவர்களுக்கு, உயிர் உங்களுக்கு. காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த தோல் கையுறை போட்டு, மிஷினும் பிளக்கும் தரையில் படாமல் வைத்துச் செய்யுங்கள். தூறல் விழுந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

## ஜெனரேட்டரில் ஓடவில்லை

2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் ஷெட்டுகளையெல்லாம் ஜெனரேட்டரில்தான் நிமிர்த்தினோம். அப்போது கற்றுக்கொண்டது: 2, 3 கே.வி.ஏ. ஜெனரேட்டரில் ராடு ஒட்டிக்கொண்டே இருக்கும். 100 ஆம்பியர் வேண்டுமென்றால் குறைந்தது 5 கே.வி.ஏ., நிம்மதியாக ஓட்ட 7.5. ஜெனரேட்டர் ஓடி நிலைக்கு வந்த பிறகு மிஷினை மாட்டுங்கள். நிறுத்தும்போது முதலில் மிஷினைப் பிடுங்குங்கள். எஞ்சின் தடுமாறி அணையும்போது வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கும், போர்டுக்கு அது ஆகாது.

## 'டப்' என்று சத்தம், புகை

பிளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம்.

எங்கள் பட்டறையில் முதல் சின்ன மிஷின் இப்படித்தான் போனது. ஒரு மழை இரவுக்குப் பிறகு தெருவில் நியூட்ரல் அறுந்திருந்தது. அது தெரியாமல் காலையில் சுவிட்சைப் போட்டேன். நியூட்ரல் அறுந்தால் ஒரு வீட்டில் விளக்கு மங்கும், பக்கத்து வீட்டில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பெரும்பாலும் 400 வோல்ட் வகை. லைனில் 285 வந்தாலே கெப்பாசிட்டரில் 400 தாண்டிவிடும். அன்றிலிருந்து காற்று மழைக்கு மறுநாள் மீட்டரால் அளக்காமல் எதையும் போடுவதில்லை.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா? போனது கெப்பாசிட்டரோ பிரிட்ஜோ மட்டும் என்றால் பாருங்கள், லாபம். ஐ.ஜி.பி.டி. போயிருந்தால் அதை ஓட்டும் டிரைவர் பகுதியும் சேர்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். மெக்கானிக் கேட்கும் தொகை புது மிஷின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் பழுது பார்க்கச் சொல்வதில்லை. திருவெறும்பூரில் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலையை ஒட்டி வெல்டிங் வேலை அதிகம் என்பதால் திருச்சிப் பக்கம் போர்டு வேலை தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். உள்ளூரில் டி.வி. மெக்கானிக்கிடம் கொடுத்து அரைகுறையாகத் திறந்துவிட்ட மிஷினை அவர்களும் வாங்கத் தயங்குவார்கள். எனவே யாரிடம் கொடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

## எழுதியிருக்கும் ஆம்பியர் வரவில்லை

பெட்டியில் 200 என்று பெரிதாக இருக்கும். 8 நம்பர் ராடு பிடித்தால் இழுக்காது. இதற்குச் செய்ய ஒன்றுமில்லை. வாங்கும்போது பார்த்திருக்க வேண்டியது. எனவே வாங்கப் போகிறவர்களுக்காக இது.

பின்பக்கத் தகட்டையும் வயரையும் பாருங்கள். உண்மையாகவே 200 ஆம்பியர் கொடுக்க வேண்டுமானால் ராடு முனையில் 28 வோல்ட், அதாவது 5.6 கிலோவாட். அதற்குச் சுவரிலிருந்து 30 ஆம்பியருக்கு மேல் இழுத்தாக வேண்டும். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் மாட்டியிருந்தால் அது 200 ஆம்பியர் மிஷின் அல்ல. 100, 120க்குள் ஓட்டும் மிஷின் என்று எடுத்துக்கொண்டு, அந்த வேலைக்கு அந்த விலை தகுமா என்று யோசியுங்கள். பெரும்பாலான வீட்டு, வயல் வேலைக்கு அதுவே போதும்.

கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 10 நம்பர் ராடு நான்கைத் தொடர்ந்து பிடியுங்கள். மஞ்சள் விளக்கு வருகிறதா, கனெக்டர் சுடுகிறதா, ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். கடையில் கிளாம்ப் மீட்டர் இருந்தால் கேபிளில் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். நேர் மின்சாரம் அளக்கும் மீட்டராக இருக்க வேண்டும். மாற்று மின்சாரம் மட்டும் அளக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் (டாங் டெஸ்டர்) இங்கே எதுவும் காட்டாது.

போர்டு போனால் மாற்றுப் போர்டு கிடைக்குமா, அனுப்பி வர எத்தனை நாள் என்று கேளுங்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ நேரில் போய்ப் பேசக்கூடிய கடையாக இருந்தால் ஐநூறு ரூபாய் கூடப் போனாலும் அங்கேயே வாங்குங்கள். பில்லில் மிஷினின் வரிசை எண்ணை எழுதச் சொல்லி, கடை முத்திரையோடு வாங்கி, ஒரு நகலை மிஷின் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.